19 என்ற எண்ணையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடாதீர்கள்

நடை, சமநிலைச் சோதனைகளைப் போர்த்துகீசிய மொழிக்குக் கொண்டுவரும் ஆய்வுக்குழுக்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் கையாளும் சோதனைகள் நன்றாகத் தெரியும். உங்கள் வழியைப் பார்த்து அதே வேலையில் இறங்க நினைக்கும் தமிழ்ப் பிசியோதெரபிஸ்ட்டுகளும் படிக்கட்டுமே என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. உடல் சமநிலையை அளக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலின் பிரேசில் வடிவம் 2004இல் வந்தபோது, அந்த அளவுகோலை உருவாக்கிய கேத்தரின் பெர்க்கே கட்டுரையாசிரியர்களில் ஒருவராக இருந்தார். எல்லா மொழிக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2006இல், நடக்கும்போது தடுமாறாமல் இருக்கும் திறனை அளக்கும் டைனமிக் கெய்ட் இன்டெக்ஸும் பிரேசில் போர்த்துகீசியத்துக்கு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பது, அதை மூலமொழிக்கே திருப்பிப் பார்ப்பது, நிபுணர் குழு கூடி முடிவெடுப்பது, நோயாளிகளிடம் முன்சோதனை செய்வது என்ற படிகள் இன்று எல்லோருக்கும் பழகிவிட்டன. அதில் எனக்குக் குறை இல்லை. தாளில் இருப்பது சரியாக இருந்தாலும் நடைபாதையில் வேறு சங்கதி நடக்கிறது. என் பேச்சு அதைப் பற்றித்தான். தலைப்பில் உள்ள 19, டைனமிக் கெய்ட் இன்டெக்ஸில் விழும் ஆபத்தைக் காட்டும் எல்லைக்கோடு; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டைனமிக் கெய்ட் இன்டெக்ஸையே எடுத்துக்கொள்வோம். எட்டு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24 மதிப்பெண். நடந்துகொண்டே வலப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும், பிறகு இடப்பக்கம், பிறகு நேராக. பாதையின் நீளம் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் ஆறு நொடியில் அதைக் கடந்துவிடுவார். அதற்குள் மூன்று கட்டளைகளும் அவர் காதில் விழுந்து, தலை திரும்பி, தடுமாற்றம் இருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். கட்டளை இலக்கண சுத்தமாக, மரியாதையாக, நீளமாக இருந்தால் கடைசித் திருப்பத்துக்குப் பாதையே மிஞ்சாது. திருப்பி மொழிபெயர்த்தால் இந்தக் கோளாறு அகப்படாது. ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்து, சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் அகப்படும். உங்கள் நிபுணர் குழுக் கூட்டத்தை ஒரு முறையாவது மேசையை விட்டு வராந்தாவில் நடத்திப் பாருங்கள்.

அடுத்தது படிக்கட்டு. "வீட்டில் ஏறுவது போலவே ஏறுங்கள், தேவைப்பட்டால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறது மூலம். எந்த வீட்டில்? ரியோவின் மலைச்சரிவுக் குடியிருப்பில் இருக்கும் பாட்டிக்குப் படிக்கட்டு அன்றாடப் பாடு, அதுவும் ஒன்றுபோல் இல்லாத உயரத்தில். தரைத்தளத்திலேயே காலம் தள்ளிய கிராமத்துப் பெரியவருக்கு "வீட்டில் ஏறுவது போல" என்பதற்குப் பொருளே இல்லை. புது இடம், வழவழப்பான தரை என்று பயந்து கைப்பிடியைத் தொட்டாலும் படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி வைத்து ஏறுபவருக்கு 3க்குப் பதில் 2தான். குறைந்தது காலின் பலமா, இடத்தின் பழக்கமா? படிகளின் எண்ணிக்கை, உயரம், கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் படிவத்திலேயே எழுத இடம் விடுங்கள்.

இன்னொன்று, "போர்த்துகீசிய வடிவம்" என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் வைக்காதீர்கள். சாவோ பாவ்லோவில் காதுக்குப் பழகிய கட்டளை லிஸ்பனில் அந்நியமாக ஒலிக்கும். மொசாம்பிக்கில் போர்த்துகீசியம் ஆட்சிமொழி, ஆனால் பலருக்கு வீட்டு மொழி மக்குவா போன்ற வேறொன்று. அவருக்குச் சொல் புரியாவிட்டால் தெரபிஸ்ட் தானே நடந்து காட்டுவார். நடந்து காட்டியபின் எடுத்த மதிப்பெண்ணும், வாயால் சொல்லி எடுத்த மதிப்பெண்ணும் ஒன்றல்ல. செய்து காட்டலாமா, எத்தனை முறை என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

கடைசியாக 19. இந்த மதிப்பெண்ணும் இதற்குக் கீழும் வந்தால் விழும் ஆபத்து அதிகம் என்பது அமெரிக்க முதியவர்களிடம் பார்த்துச் சொன்னது. பிரேசிலின் 2006 ஆய்வு தலைச்சுற்றல் தரும் உட்காதுக் கோளாறு உள்ள முதியவர்களைக் கொண்டு செய்யப்பட்டது. இரண்டு பரிசோதகர்கள் ஒரே மதிப்பெண் தருகிறார்களா என்று பார்ப்பது ஒரு வேலை. அந்த மதிப்பெண் வாங்கியவர் அடுத்த ஆண்டு விழுகிறாரா என்று பார்ப்பது வேறு வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதன் பலனையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் நடக்கிறது, இங்கும்தான். ஆய்வுக் கட்டுரையில் நாலு வரி எச்சரிக்கை இருக்கும், சரி. வார்டில் வேலை பார்க்கும் தெரபிஸ்ட் கையில் கட்டுரை இருக்காது, படிவம்தான் இருக்கும். 20 வாங்கியவரை அவர் தைரியமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஆகவே என் கோரிக்கை இது. சோதனை முடிந்தவர்களை ஓர் ஆண்டாவது பின்தொடருங்கள். விழுந்ததை நினைவிலிருந்து கேட்காமல், மாதாமாதம் போன் செய்தோ நாட்காட்டியில் குறிக்கச் சொல்லியோ கணக்கெடுங்கள். உங்கள் ஊர் ஆட்களிடமிருந்து ஓர் எண் வரும். அது 19ஆகவே இருந்தாலும் இருக்கட்டும். அதுவரை படிவத்தின் அடியில் அந்த எல்லைக்கோட்டை அச்சடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப் பிசியோதெரபிஸ்ட்