பார்க்க ஒன்றுமில்லாத பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, எங்கள் யாங்கூன் (பழைய ரங்கூன்) பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். ரங்கூன் என்றாலே தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியும் தேக்கும் 1942-இல் நம் ஆட்கள் கால்நடையாக ஊர் திரும்பிய கதையும்தான் நினைவுக்கு வரும். உங்கள் கட்டுரையாளர் இன்றைய ஊரை எழுதியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் மகாபந்தூலா பூங்காவில் பார்க்க ஒன்றுமில்லை, சுற்றியுள்ள கட்டடங்களைப் படமெடுக்கலாம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாரே!

கட்டடங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஒரு மூலையில் சூலே பகோடா, எதிரே மாநகராட்சி மண்டபம், கிழக்கே செங்கல் நிறத்தில் பழைய உயர்நீதிமன்றம். பூங்காவுக்கும் கதை உண்டு. 1860-களில் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உண்டாக்கி, பிட்ச் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரை வைத்தார்கள். 1935-இல் அது பந்தூலா சதுக்கமானது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1825-இல் மாண்ட பர்மியத் தளபதி பந்தூலாவின் பெயரை, அவர்கள் ஆட்சியிலேயே சூட்டியிருக்கிறார்கள். எனக்கு அது இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு விக்டோரியா ராணியின் சிலை இருந்த இடத்தில் சுதந்திர நினைவுத் தூணை நிறுத்தினார்கள்.

சரி, எங்களுக்கு இந்தப் பூங்கா எதற்கு? அது தெரிய எங்கள் வீடுகளுக்குள் வந்து பார்க்க வேண்டும். நகர நடுவில் பெரும்பாலான வீடுகள் ரயில்பெட்டி மாதிரி, அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசலில் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், அவ்வளவுதான் காற்று. பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. பத்திரிகை போடுபவர் கிளிப்பில் செருகிக் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார். மணி கேட்டதும் மேலேயிருந்து தூக்கிக்கொள்வோம். பால், காய்கறி எல்லாம் அப்படித்தான் வரும். கரண்ட் போய்விட்டாலோ தெரு முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல், புகை. வீட்டில் இருக்கவும் முடியாது, நடைபாதையில் நிற்கவும் முடியாது.

அந்த நேரத்தில் போய் உட்காரப் புல்தரை இருக்கிறதே, அதுதான் விஷயம். டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு டீயாவது சொல்ல வேண்டும். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் காளியம்மன் கோயிலுக்குப் போனால், திரும்பும் வழியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இங்கே கால் நீட்டி உட்காருவார். மல்லிகைச் சரத்தைப் பிரித்து, பக்கத்தில் யார் இருந்தாலும், பர்மியரோ சீனரோ, ஒரு துண்டு கொடுப்பார். அவருக்கு பர்மிய மொழி அரைகுறை; ஆனாலும் முழங்கால் வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேச அது போதும்! சற்றுத் தள்ளி, மழையும் வெயிலும் இல்லாதபோதே குடை விரித்துக் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மா முதுகைத் திருப்பிக்கொள்வார், பார்ப்பதையும் விடமாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. நிகழ்ச்சி என்று மேடை போட்டு ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அன்றைக்கு எங்களுக்குப் போக்கிடம் இல்லை. ஓரங்களில் இன்னும் நாலு மரம் வைத்தாலும் நல்லது. ஆனால் பூங்காவை மேம்படுத்துகிறோம் என்று கடைகளையும் விளையாட்டுச் சாதனங்களையும் கொண்டுவந்து நிரப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம். காலியாக இருப்பதால்தான் எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் மறுபடி வந்தால், காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அப்போது வயதானவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள், பேச ஆள் கிடைக்கும். நடுப்பகலில் வந்தால் நடுப்புல்வெளியில் நிழல் கிடையாது. அவர் போன தடவை அந்த நேரத்தில்தான் வந்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கூன்