ஒருத்தருக்கு எவ்வளவு எறச்சி?

மக்களே,

உன் செய்தி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. நாலு மாதமாக வெறும் கட்டைவிரல் படமாக அனுப்பிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு முழு வரி எழுதியிருக்கிறாய். "அம்மா, ஸ்லோ குக்கர்ல நீங்க செய்ற ஃபஹீட்டாவுக்கு ஒருத்தருக்கு எவ்வளவு எறச்சி?" மூன்று தரம் வாசித்தேன். அப்பாவிடம் காட்டவில்லை. அவர் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

போனில் பதில் தட்டலாம் என்றால் கை ஓடவில்லை. அதனால்தான் பேப்பர். நீளமாகப் போகும், உனக்கு எழுத்துக்கூட்ட அலுப்பாக இருக்கும். ஞாயிறு மதியம் பைபிளை மடியில் வைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ் ஆதியாகமத்தைத் தாண்டவில்லை என்று எனக்குத் தெரியாதா? என் கடிதங்களை என் மருமகள்தானே உனக்கு வாசித்துச் சொல்வாள். சரி, அது உங்கள் பாடு.

முதலில் அளவு. இந்தச் சமையலில் ஒருத்தருக்கு என்று கணக்கே கிடையாது. ஸ்லோ குக்கர் பானை பாதியாவது நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரமெல்லாம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் இருப்பது நாலு குவார்ட் பானை. அதற்கு ரெண்டு பவுண்டு எறச்சி போடவேண்டும். நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு ஆளுக்கு என்று அரை பவுண்டை அந்தப் பானைக்குள் போட்டால் ராத்திரி வந்து சுரண்டத்தான் வேண்டியிருக்கும். ஆகவே ரெண்டு பவுண்டு. மிச்சத்தை யாருக்குக் கொடுப்பாய் என்பது வேறு விஷயம். டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வை.

என்ன எறச்சி? இங்கே டெக்சாஸில், மெக்காலனில், எச்.இ.பி கடையில் போய் ஃபஹீட்டா என்றாலே ஸ்கர்ட் என்கிற மாட்டுப் பட்டைச் சதையைத்தான் எடுத்துக் கொடுப்பான். ஃபஹா என்றால் பெல்ட், ஃபஹீட்டா என்றால் சின்ன பெல்ட் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாரே, அதே பட்டைச் சதைதான். அந்தக் காலத்தில் ரியோ கிராண்டே ஓரத்துப் பண்ணைகளில் மாடு அடித்தால் நல்ல கண்டமெல்லாம் முதலாளிக்கு. மாடு மேய்த்த வாக்கேரோக்களுக்குக் கூலியோடு தலை, தோல், குடல், இந்தப் பட்டை. பிறகு 1969இல் கைல் ஊர்த் திருவிழாவில் சன்னி ஃபால்கன் என்ற கறிக்கடை மேனேஜர் அதைச் சுட்டு டாக்கோவில் வைத்து விற்றார். அப்பா கதை அங்கே வந்ததும் நீ மேசையை விட்டு எழுந்துவிடுவாய். இப்போது அதன் விலையைக் கேட்டால் எனக்கே எழுந்து போகத் தோன்றுகிறது.

ஆனால் ஸ்கர்ட்டைப் பானைக்குப் போடாதே. அது அனலில் காட்டி எடுக்கிற எறச்சி. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு நான் இதைப் பானையில் செய்வதே ஆகாது. மெஸ்கீட் மரக்கரி அனலில் படாததற்கு ஃபஹீட்டா என்று பேர் வைக்கலாமா என்று இருபது வருஷமாகக் கேட்கிறாள். கேட்டுவிட்டு ஒரு தட்டு வாங்கிக்கொண்டும் போவாள். பானைக்கு ஃப்ளாங்க் என்கிற அடிவயிற்றுச் சதையை வாங்கு. சிகாகோவில் எங்கேயும் கிடைக்கும். 26ஆம் தெருப் பக்கம் போனால் கார்னிசெரியாவில், அந்த மெக்சிகன் கறிக்கடையில், பார்த்து வாங்கலாம். ஃப்ரீசரில் கிடந்த கட்டியை அப்படியே போடாதே. சூடேற நேரமெடுக்கும், அதற்குள் கிருமி பெருகிவிடும். முதல் நாளே கீழ்த்தட்டில் எடுத்து வை.

ரெண்டு பல்லாரி வெங்காயம் நீளவாக்கில் அரிந்து அடியில் பரப்பு. இங்கே கிடைக்கிற 1015 பல்லாரி அங்கே வராது, மஞ்சளே போதும். (அக்டோபர் 15இல் விதைப்பதால் அந்தப் பேர் என்று தெரிந்த அன்று, நீ உன் பிறந்த தேதியை உன் பேருக்குப் பதில் நோட்டில் எழுதி டீச்சரிடம் திட்டு வாங்கினாய்.) அதன் மேல் எறச்சி. நாலு பல் பூண்டு தட்டிப் போடு. சீரகத்தூள் ரெண்டு டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், நல்லமிளகு கொஞ்சம், ஒரு எலுமிச்சை. ஒரு டப்பா ரோட்டெல். அது இங்கே எல்சாவில் தொடங்கிய சரக்கு, தக்காளியோடு பச்சைமிளகாய் சேர்த்து வரும். சில்லி பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன். அவர்கள் சில்லி பவுடர், கேட்டியா, நம் மிளகாய்த்தூள் கிடையாது. அதில் சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்திருக்கும். வந்த புதிதில் புத்தகத்தில் ரெண்டு டேபிள்ஸ்பூன் என்று பார்த்து, நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த தூளை அள்ளிப் போட்டேனே, அப்பா அன்று ராத்திரி முழுக்க மோர் குடித்தாரே, ஞாபகம் இருக்கா? உனக்கு அப்போது ஆறு வயது.

தண்ணீர் ஒரு சொட்டு விடாதே. எறச்சியும் பல்லாரியுமே விட்டுக்கொள்ளும். லோவில் எட்டு மணிநேரம். லோ வைத்தாலும் ஹை வைத்தாலும் கடைசியில் ஒரே சூடுதான், போய்ச் சேருகிற நேரம்தான் வேறு. அவசரப்பட்டு ஹையில் வைக்காதே. மூடியைத் திறந்து பார்க்காதே. ஒரு தரம் திறந்தால் இருபது முப்பது நிமிஷச் சூடு போய்விடும். நீ திறப்பாய். சின்ன வயதிலேயே ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பையைப் போடுவதற்கு முன்னால் மூடியைத் தூக்குவாய். நான் ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்து பானையை வைத்துவிட்டுத்தான் படுப்பேன். மூடி சத்தம் கேட்டுத்தான் நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

குடைமிளகாயை முதலிலேயே போடாதே. கடைசி முக்கால் மணிநேரத்தில் போடு, அதற்காக மட்டும் மூடியைத் திற. எறச்சியை எடுத்து பத்து நிமிஷம் ஆறவிட்டு, நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே வெட்டு. கருகல் வாசம் வேண்டுமென்றால் தட்டில் பரப்பி ஓவனில் பிராய்ல் என்கிற மேல்சூட்டுக்குக் கீழே மூன்று நிமிஷம் காட்டு. டார்ட்டியா ரொட்டியை மைக்ரோவேவில் வைக்காதே, தோசைக்கல்லில் போட்டு எடு. தோசைக்கல் இருக்கிறதுதானே வீட்டில்?

உனக்கு வேலையில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்களாமே. உன் சித்தி மகன் சொல்லித்தான் தெரிந்தது. சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், எனக்குப் பெருமை இருக்காதா? ஆனால் அந்த நாலு பேரும் "அவன் எப்ப சொன்னான்?" என்று கேட்டபோது, நேற்று என்று சொல்லிவைத்தேன்.

இன்னொன்று. இந்த எறச்சியை எந்தப் பானையில் வைக்கப்போகிறாய்? நீங்கள் குடிபோனபோது நான் அனுப்பிய வெள்ளைப் பானை அவளுடைய பருப்புப் பானை. ராத்திரி வைத்தால் காலையில் சாம்பாருக்குப் பதமாக இருக்கிறது என்று என்னிடம் போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். ராஜ்மாவை மட்டும் நேராகப் போடாதே பிள்ளே, அதில் ஒரு விஷம் உண்டு, இந்தச் சூட்டில் சாகாது, அஞ்சு மணிநேரம் ஊறவைத்துத் தண்ணியைக் கொட்டி, அடுப்பில் அரை மணி கொதிக்கவிட்டுப் பிறகு போடு என்றேன். எழுதிக்கொண்டாள். அதில் நீ எறச்சி வைக்கக்கூடாது. கழுவிவிடலாம் என்று சொல்லாதே.

கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குள் மாட்டெறச்சி வராது என்று அவளுக்கு நீ வாக்குக் கொடுத்தாய். வெளியே சாப்பிட்டுக்கொள்வேன், வீட்டில் வேண்டாம் என்றாய். மூன்று வருஷம் காப்பாற்றினாய். இப்போது என்ன என்று நான் கேட்கவில்லை. நான் யார் கேட்க?

மூடியைத் திறக்காதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

மக்களே, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தீர்களே, அந்த பீன்ஸ் விஷயம்.

அன்று காலைதான் டியூட்டி முடிந்து வந்திருந்தேன். உனக்காகப் பானையில் ஃபஹீட்டா. அவளுக்கென்று அடுப்பில் பின்ட்டோ பீன்ஸ் தனியாக வைத்தேன், தனிக் கரண்டிகூட வைத்தேன். ருசி பார்த்தால் சப்பென்று இருந்தது. பக்கத்தில் பானை. ரெண்டு கரண்டி சாறு எடுத்து பீன்ஸில் விட்டேன். தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டேன். அது தூக்கக் கலக்கம் இல்லை. என் வீட்டில், என் அடுப்பில், என் மகன் ஆசைப்பட்டதைச் சமைக்க இந்தப் பிள்ளையிடம் அனுமதி வாங்கவேண்டுமா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புதான் கரண்டியை எடுத்தது.

"அத்தை, இதுல ஒண்ணும் சேர்க்கலையே?" என்று தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெறும் பீன்ஸ்தான் பிள்ளே" என்றேன். ரெண்டு வாய் சாப்பிட்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். தட்டை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி நீ கிச்சனுக்கு வந்து கேட்டாய். "அம்மா, பீன்ஸ்ல எறச்சிச் சாறு விட்டீங்களா?" நான் என்ன செய்தேன்? அழுதேன். என்னை அவள் இப்படியா நினைக்கிறாள் என்று கேட்டு அழுதேன். நீ திரும்பி, அந்த அறை வாசலில் நின்றவளிடம், "எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாய்.

அந்த வார்த்தை ரெண்டு வருஷமாக என் காதில் கிடக்கிறது. நான் விட்ட சாறு ரெண்டு கரண்டி. உன்னை அவளுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் பெரிசு. அதற்குப் பிறகு அவள் இங்கே வரவில்லை. லீவு இல்லை என்று நீ சொன்னாய், நானும் நம்பியதுபோல் இருந்துகொண்டேன். அதற்குப் பிறகு உங்களுக்குள் என்னென்ன பேச்சு வந்ததோ, எல்லாவற்றுக்கும் கீழே அந்த பீன்ஸ் இருக்குமோ என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அவரிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை, சொல்வேன்.

இதை நீயே எழுத்துக்கூட்டி இவ்வளவு தூரம் வந்திருந்தால் இங்கே நிறுத்து. அவள் பக்கத்து அறையில் இருந்தாலும் சரி, வேறு எங்கே இருந்தாலும் சரி, இந்தப் பேப்பரை அவள் கையில் கொடு. போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது, பேப்பரைக் கொடு.

வழக்கம்போல நீதான் இவனுக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றால், பிள்ளே, அன்றைக்கு நீ பார்த்த பார்வை சரிதான். நான் விட்டேன். கேட்டபோது இல்லையென்றேன். அவன் உன்னை நம்பாமல் போனது என்னால். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம். அவனைத் திட்டவேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு நல்லாத் திட்டு, அந்த ராத்திரிக்காக மட்டும் திட்டாதே.

சிவப்பு நிறத்தில் ஒரு புதுப் பானை அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. அதுவும் நாலு குவார்ட்தான். எறச்சி எதுவானாலும் அதில் வைக்கட்டும், அதுவும் வீட்டுக்குள் வரலாமா என்று நீ சொன்ன பிறகு. வெள்ளைப் பானை உன்னுடையது. அதை அவன் தொடக்கூடாது.

அம்மா