பின்கதவுப் பூட்டும் 210-ம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தோம். அம்மா அடுப்படியைப் பார்த்தாள், நான் பின்கதவுப் பூட்டைப் பார்த்தேன். "சாவியே கிடையாதுப்பா, நாலு எண். பத்தாயிரம் விதம் இருக்கு, எவன் கண்டுபிடிப்பான்?" என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாயிரம் என்பது ஏடிஎம் கணக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 9 வரை பத்து வாய்ப்பு. நாலு பத்தைப் பெருக்கினால் 10,000. உன் பூட்டிலும் 0 முதல் 9 வரை பத்து எண் பொத்தான்தான். ஆனால் அமுக்கிய பொத்தான் உள்ளேயே நின்றுவிடும், அதை மறுபடி அமுக்க முடியாது. அப்போது 10 × 9 × 8 × 7, அதாவது 5,040. பாதி இங்கேயே போச்சு.

மீதியும் நிற்காது. மின்சாரமில்லாத இந்தப் பூட்டுகளில் ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். சரியான நாலும் உள்ளே போயிருக்க வேண்டும், மற்றவை அசையாமல் இருக்க வேண்டும், குமிழ் திரும்பிவிடும். எது முதலில் போனது என்று நினைவு வைத்துக்கொள்ள அதற்குள் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. 2, 5, 7, 9 என்று அமுக்கினாலும் சரி, 9, 2, 7, 5 என்று அமுக்கினாலும் சரி. உங்கள் எண்ணைத் தலைகீழாக அமுக்கிப் பார், தெரிந்துவிடும். நாலு எண்ணை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அந்த 24-ம் இந்தப் பூட்டுக்கு ஒன்றுதான். 5,040-ஐ 24-ஆல் வகுத்தால் 210. பிளஸ் ஒன்னில் திட்டிக்கொண்டே படித்தாயே, 'சேர்வுகள்', அதேதான்.

ஒரு தடவை முயல ஐந்து விநாடி என்றால் 210-ஐயும் முடிக்க பதினெட்டு நிமிடம்கூட ஆகாது.

நாலுக்குப் பதில் ஆறு எண் வைத்தால்? அதுவும் 210! பத்தில் ஆறை அமுக்குவதும் நாலை விட்டுவைப்பதும் ஒரே வேலை. ஐந்து வைத்தால் 252, அதற்கு மேல் ஏறாது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நீளமாக வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறவர்களை இந்தப் பூட்டு ஏமாற்றிவிடும்.

ஏடிஎம்முக்கு நாலு எண் போதுவது வேறு காரணத்தால். 1967 ஜூனில் லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு எண் வைக்க நினைத்தாராம். தன்னால் நாலுதான் நினைவில் வைக்க முடியும் என்று மனைவி சொன்னதால் நாலாக்கினார். ஆனாலும் அந்த நாலு போதும், ஏனென்றால் ஏடிஎம்மில் மூன்று தடவை தப்பாக அடித்தால் கார்டு முடங்கும். திருடனுக்கு 10,000-ல் மூன்று வாய்ப்புதான். உன் பின்கதவில் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

இன்னொன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு பொத்தானில் மட்டும் பூச்சு தேய்ந்து பளபளக்கிறது. எத்தனை வருஷமாக ஒரே எண்ணோ! வரிசை வேண்டாத பூட்டில் அந்த நாலும் தெரிந்தால் மிச்சம் இருப்பது 210 அல்ல, ஒன்று. அதை இங்கே எழுதவில்லை, உனக்கே தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொல்லி எண்ணை மாற்றச் சொல். பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் துண்டுகளை இடம் மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை. எக்ஸ், ஒய் என்று இரண்டு எழுத்துப் பொத்தானும் தெரிகிறதே, அவற்றையும் சேர்க்கச் சொல். பன்னிரண்டில் ஆறு என்றால் 924. அதுவும் பெரிய எண் இல்லைதான், அதனால் ராத்திரி உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொள். யாருடைய பிறந்த நாளும் வேண்டாம்.

அப்புறம் உன் போனின் பூட்டு எண். திரையில் விரல் தடம் தெரிந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அங்கே வரிசை முக்கியம். நாலு எண், நாலு தடம் என்றால் 24. ஆனால் மூன்றே தடம் என்றால் 36! எந்த எண் இரண்டு தடவை வந்தது என்று தெரியாதல்லவா. ஆறு எண் வைத்து ஆறு தடம் இருந்தால் 720, ஐந்து தடம் என்றால் 1,800. நாலு தடத்துக்கு எனக்கு 1,560 வந்தது. நீயும் போட்டுப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா