வழக்கறிஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, இளம் நண்பர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்துக்குப் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் வாங்கியாயிற்று. சேமநல நிதி முத்திரை விற்பனை வழக்கம்போல நடக்கிறது.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது தொழில்நெறி பற்றித்தான். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் ஆறாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தை மாதக் கூட்டங்களில் வரிவரியாகப் படித்தோம். ஜூனியர்கள் கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கியது அது: கட்சிக்காரர், அதாவது வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர், பீஸ் பாக்கி வைத்திருந்தால் அவருடைய வழக்குக் கட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ஒரு கூட்டுறவு வங்கியின் கட்டுகளைப் பீஸுக்காகப் பிடித்து வைத்திருந்தார் அந்த வழக்கறிஞர். அது தொழில்முறைத் தவறு என்று நீதிமன்றம் சொன்னது. பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. கட்டு போனால் கட்சிக்காரருக்கு வழக்கே போய்விடும். 'அப்போ எங்கள் உழைப்புக்கு என்ன பாதுகாப்பு?' என்று மூத்தவர்கள் சிலர் கேட்டது நியாயமான கவலைதான். அதற்காகத்தான் பீஸை ஆரம்பத்திலேயே எழுதி வாங்கும் பழக்கம் வர வேண்டும் என்கிறேன்.

விதி 20 பற்றிய கூட்டம் சூடாக இருந்தது. எம்.சி.ஓ.பி. எனப்படும் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வதை அந்த விதி தடுக்கிறது. கால் இழந்தவரின் மறுவாழ்வுக்கு வரும் பணம் அது. அதில் நமக்குப் பங்கு கிடையாது. இதில் சமரசம் வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்புறம் விளம்பரம். விதி 36 வேலை தேடிப் போவதைத் தடுக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பின் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி போன்ற குறிப்பிட்ட விவரங்களை மட்டும் தரலாம். வழக்கறிஞர்களை விளம்பரப்படுத்தும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டதையும் படித்தோம். பெயர்ப்பலகையிலோ லெட்டர்பேடிலோ சங்கப் பதவியைப் போடக் கூடாது என்பதும் இதே விதிதான். நிர்வாகிகளான எங்களுக்கே இது முதலில் பொருந்தும்.

ஒரு வழக்கறிஞர் ஏற்கெனவே வக்காலத்து தாக்கல் செய்துள்ள வழக்கில் புதியவர் ஆஜராக முந்தைய வழக்கறிஞரின் சம்மதம் வேண்டும் (விதி 39). அது கிடைக்காதபோது காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். சம்மதத்தை இழுத்தடிப்பதாகக் கட்சிக்காரர்கள் சங்கத்திடம் வருந்தியிருக்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி அது மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு உரியது. ஆனால் உட்கார்ந்து பேசித் தீர்க்க நம்மால் முடியும்.

எனவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். சம்மதத் தகராறுகளைப் பேசித் தீர்க்க மூத்தவர்கள் மூவர் கொண்ட குழு ஒன்று வேண்டும். விதி 25 கேட்கும் கட்சிக்காரர் பணக் கணக்குக்கான பதிவேட்டைச் சங்கச் செலவில் அச்சிட்டு ஜூனியர்களுக்குத் தர வேண்டும். இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்