ஆடி மாதம் உங்கள் சுவர் வேண்டும்: கல்யாண மண்டபக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடி வட்டாரத்துக் கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் உங்கள் வாசலில் வாழைமரம் இருக்காது. முஸ்லிம் வீட்டு நிக்காஹ் சில நடக்கும். அப்புறம் தள்ளுபடிச் சேலை விற்பனை. மற்ற நாளெல்லாம் வாட்ச்மேனும் ஒரு மின்விசிறியும்தான். அந்தச் சும்மா கிடக்கும் நாட்களில் ஐந்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நாங்கள் ஒன்பது பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடிப் படம் போடுகிறோம். படம் என்றால் சாமி, மயில், குடம் தூக்கும் பெண் இல்லை. கரித்துண்டு, மை, துடைப்பக் குச்சி, பழைய சீப்பு, தேங்காய் நார், எது கையில் அகப்படுகிறதோ அதை வைத்துக் கோடு, தீற்றல், கீறல், புள்ளி. எதையும் பார்த்து வரைவதில்லை. கை எவ்வளவு அழுத்தியது, எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்பதுதான் தாளில் இருக்கும்.

போன மாதம் ஒரு மண்டபத்தில் போய்க் கேட்டோம். "லேடீஸ் கண்காட்சியா? ஊறுகாயா, சுடிதாரா?" என்றார் மேனேஜர். ஓவியம் என்றோம். "சாமி படமா?" இல்லை, கோடுகள் என்று சுருளைப் பிரித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். "என் பேரன் இதைவிட நல்லா கிறுக்குவாம்மா" என்றார். காபி வரவழைத்துக் கொடுத்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மண்டபம் மட்டும் கொடுக்கவில்லை. சுவரில் ஆணி அடிப்பீர்கள் என்றார்.

பேரனைப் பற்றி அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். ஆனால் கிறுக்கல் என்ற சொல்லுக்கு நான் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து, அந்தச் சொல்லைச் சொல்லியே பிள்ளைகளின் நோட்டை மூடியவள் நான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு. கோடு வெளியே போனால் ஸ்கேலால் கையில் ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது அறுபத்திரண்டு வயதில் என் கோட்டை வெளியே விடப் பழகிக்கொண்டிருக்கிறேன். சுலபமாக வரவில்லை.

எங்களில் ஒருவர் குடியாத்தம் பக்கம், பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் அவர் கூலி. இலையை வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, மடியில் முறத்தோடு நாள் முழுக்க. அவர் ஒரு பெரிய தாளில் ஆயிரம் தீற்றல் போட்டிருக்கிறார், ஒரு பீடிக்கு ஒன்று. வேலை நடக்க நடக்க, பக்கத்தில் தாளை விரித்து வைத்துக்கொண்டு. காலையில் போட்டவை நெட்டுக்குத்தாக, நெருக்கமாக நிற்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் ஒரு விரற்கடை காலி. மூன்று மணிக்கு மேல் எல்லாம் வலது பக்கம் சாய ஆரம்பிக்கின்றன. கடைசி இரண்டு வரிசை சும்மா தாளைத் தொட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு இடுப்பு வலித்தது.

இன்னொருவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுத் துணியை மையில் நனைத்து ஒற்றி எடுப்பார். கரிகிரியிலிருந்து வருகிற பெண் தாளைத் தொடுவதே இல்லை, ஈரக் களிமண் பலகையில் சீப்பால் கீறுகிறாள். இரண்டு பேர் கல்லூரி மாணவிகள், அவர்கள் என்னைவிட வேகமாக எல்லாவற்றையும் கெடுக்கத் தெரிந்தவர்கள்.

வெறும் கோட்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். 1937ல் கராச்சியில் பிறந்து பரோடாவில் பாடம் நடத்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி கடைசிக் காலம் வரை மையாலும் பென்சிலாலும் கோடுதான் போட்டார். 1990ல் இறந்தார். 2016ல் நியூயார்க்கில் மெட் புரூயர் அருங்காட்சியகம் திறந்தபோது முதலில் வைத்த கண்காட்சிகளில் அவருடையதும் ஒன்று. அவர் கோடு பிசிறில்லாதது, எங்களுடையது அப்படி இல்லை. சரி, கோலம் மாதிரியா என்றால், பாதிதான். கோலத்தில் கை நடுங்கிய இடத்தைப் புறங்கையால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோம். நாங்கள் அந்த நடுங்கிய இடத்தை வைத்துக்கொள்கிறோம்.

இந்த ஊரில் எல்லாரும் வியந்து பார்க்கிற சுவரும் தூணும் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் இருக்கின்றன. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தைச் சொல்கிறேன். அந்தக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, 1981ல்தான் லிங்கம் திரும்ப உள்ளே வந்தது. அதற்கு முன்பும் யாளித் தூண்களைப் பார்க்க ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. விசேஷம் இல்லாத மண்டபத்துக்கும் ஜனம் வரும் என்பதற்கு இதைவிட உங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சென்னையில் கேலரி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. காட்பாடியில் ரயிலேறிப் போய்த் தங்கினால் பீடி சுற்றுகிறவருக்கு அத்தனை நாள் கூலி போகும். போன வருஷம் என் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி வைத்தோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நர்ஸம்மாவின் படம் ஒன்று எதிர்வீட்டுத் தென்னையில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் தூறல் விழுந்து மீதிப் படங்களில் மை ஓடியது. ஒன்றிரண்டு முன்னைவிட நன்றாக ஆனது என்பது வேறு விஷயம்.

ஆணி அடிக்க மாட்டோம். ஜன்னல் கம்பிக்கு ஜன்னல் கம்பி சணல் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். சுவரில் பசை, டேப் எதுவும் படாது. மேடை வேண்டாம், ஏசி வேண்டாம், மின்விசிறி சுற்றவே கூடாது. கரண்ட் பில்லும் பெருக்குகிற அம்மாவின் கூலியும் எங்கள் பொறுப்பு. சாப்பாட்டுக் கூடத்து நீளச் சுவர் கிடைத்தாலே போதும். மணமகள் அறையையும் திறந்துவிட்டால், அந்த ஆயிரம் தீற்றலை அங்கே, கண்ணாடிக்கு எதிரே வைக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

வாசலில் மொய் எழுதுகிற மேசையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதன்மேல் ஒரு நோட்டும் கரித்துண்டும் வைப்போம். வருகிறவர்கள் பேர், ஊர் எழுத வேண்டாம், ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே வரலாம். முதல் பக்கம் உங்களுக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருத்தி, மற்ற எட்டுப் பேருக்காகவும்
வேலூர்