ஓஃபுனாவிலிருந்து அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழைக்காலம் முடிந்து புழுக்கம் பிடித்துக்கொண்டது. நம் ஊர் வெயில் தேவலை என்று அம்மாவிடம் சொல்.

நாடகத்தில் எழுபது வயது அப்பா வேடம் உனக்கு என்று எழுதியிருந்தாய். கையை நடுக்கி, குரலை உடைத்து ஒத்திகை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜப்பானிய நடிகர் சிஷூ ரியூவைப் பார்த்துவிடு. இயக்குநர் ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' படம் 1953இல் வந்தபோது, அதில் வயதான அப்பாவாக நடித்த ரியூவுக்கு வயது 49. மனைவியாக நடித்த சியேகோ ஹிகாஷியாமா அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். மூத்த மகளாக வந்த ஹருகோ சுகிமுராவுக்கும் ரியூவுக்கும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆனாலும் படம் முழுக்க அவர் கிழவர்தான். ஓர் இடத்தில்கூடச் சந்தேகம் வராது.

ஜப்பானில் நாங்கள் குடியிருக்கும் ஓஃபுனாவில்தான் ஷோச்சிக்கு என்ற சினிமா நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் 1936 முதல் 2000 வரை இருந்தது. அடுத்த ஸ்டேஷன் கித்தா கமாகுரா. ரியூ நடித்த ஓஸுவின் இன்னொரு படமான 'லேட் ஸ்பிரிங்' அங்கேதான் தொடங்குகிறது. ஓஸுவின் சமாதியும் அங்கே எங்காகுஜி கோயிலில் இருக்கிறது. ரியூ இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. தெற்கே குமாமோட்டோவில் ஒரு பௌத்தக் கோயில் குருவின் மகன். அந்த ஊர்ப் பேச்சு வாடை கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. அதை அவர் மறைக்காததே எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் அவர் நடிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். எதிராளி பேசும்போது இங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. சின்னதாக ஒரு தலையசைப்பு, தொண்டைக்குள் ஒரு "ம்". பேச்சு முடிந்த பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் பதில். ரியூ அந்த ஒரு மூச்சை இரண்டாக்குகிறார், அவ்வளவுதான். வயது அந்த இடைவெளியில் தெரிகிறது. நீ வசனத்தை மெதுவாக இழுத்தால் கிழவனாகத் தெரியமாட்டாய், வசனம் மறந்தவனாகத் தெரிவாய். வசனம் இயல்பான வேகத்தில் இருக்கட்டும். தாமதம் அதற்கு முன்னால் வரட்டும்.

எழுந்திருப்பதையும் கவனி. பாய்த்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தவர்கள் முதலில் கால்விரலை ஊன்றி, பிறகு ஒரு முழங்காலைத் தூக்கி, அப்புறம்தான் எழுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு: கை தரைக்குப் போகும், உடம்பு முன்னால் சாயும், பிறகு இடுப்பு. எந்த ஊரானாலும், எழுந்துகொண்டே பேசாதே. அப்படிப் பேசினால் உன் முதுகின் இளமை அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சோகக் காட்சிக்கு வருகிறேன். 'டோக்கியோ ஸ்டோரி'யில் மனைவி இறந்த விடியற்காலையில் அந்தக் கிழவர் வெளியே தனியாக நிற்கிறார். மருமகள் தேடி வருகிறாள். விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் அடிக்கும் என்கிறார், திரும்பி நடக்கிறார். முகத்தை இறுக்கவும் இல்லை, கண்ணீரை அடக்குகிற பாவனையும் இல்லை. அடக்குவதாகக் காட்டுவதும் ஒரு மிகைதான் தம்பி. நம் மேடையில் அடிக்கடி நடக்கிற தப்பு அது.

'லேட் ஸ்பிரிங்' கடைசியில், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த அப்பா ஆப்பிள் தோலைச் சீவுகிறார். ஓஸு அங்கே கதறி அழச் சொன்னார். தன்னால் முடியாது என்று ரியூ சொல்லிவிட்டார். நீளமாகத் தொங்கிய தோல் விழுகிறது, கை நிற்கிறது, தலை கவிழ்கிறது. கைக்கு நிஜமான வேலை இருந்ததால்தான் அது நின்றபோது நமக்குப் பதறுகிறது. வேலை இல்லாமல் முகத்தை மட்டும் சும்மா வைத்தால் மரப்பொம்மை ஆகிவிடும்.

ஆனால் அவருக்கு அசையாத கேமரா பக்கத்திலேயே இருந்தது. உன் கடைசி வரிசைக்குத் தலை மட்டும் கவிழ்ந்தால் தெரியாது, தோளும் சேர்ந்து இறங்க வேண்டும். ஆப்பிளும் நம் திண்ணைக்கு ஒட்டாது. வெற்றிலை போடு. காம்பைக் கிள்ளு, நரம்பை உரி, சுண்ணாம்பைத் தொடு. தடவப் போகும்போது செய்தி வரட்டும். விரல் இலைக்கு மேலேயே நிற்கட்டும். மூன்று மூச்சு போதும். பிறகு தடவி, மடித்து, வாயில் போடாமல் கீழே வை.

அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி பரணில்தான் இருக்கும். அம்மாவைக் கேட்டு எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா