இரட்டை லென்ஸ் கேமராவிலும் கிட்டப் போய் எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். இந்தக் காலத்தில் 120 என்ற அகலமான பிலிம் சுருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மேலே ஒன்று பார்க்க, கீழே ஒன்று படம் பிடிக்க என்று இரண்டு லென்ஸ் உள்ள இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு மீட்டருக்குள் எதையும் எடுக்க முடியாது, பூவோ பூச்சியோ எடுக்க ஆசை இருந்தால் வேறு கேமரா பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. அது சரியில்லை. அதை நம்பி யாராவது நல்ல கேமராவை ஒதுக்கி வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோகஸ் குமிழ் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும் என்பது பெரும்பாலான இரட்டை லென்ஸ் கேமராக்களுக்குப் பொருந்தும். இந்த வகையில் பேர்போன ரோலைஃபிளெக்ஸ் கேமரா 1929-இல் வந்தது. அதைச் செய்தவர்களுக்கும் இந்தக் குறை தெரியும், அதனால்தான் ரோலைனார் என்ற பெயரில், கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ்களை அவர்களே செய்து விற்றார்கள். 1, 2, 3 என்று மூன்று வகை. முதலாவது சுமார் ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டர் வரை, இரண்டாவது அரை மீட்டரிலிருந்து 30 செ.மீ. வரை, மூன்றாவது அதற்கும் உள்ளே ஏறக்குறைய 25 செ.மீ. வரை கொண்டுபோகும். வேலை செய்யும் விதம் வெள்ளெழுத்துக் கண்ணாடி மாதிரிதான். 2 டயாப்டர் (டயாப்டர் என்பது லென்ஸின் சக்தியைச் சொல்லும் அளவு) லென்ஸை மாட்டிக் குமிழை முடிவிலியில், அதாவது வெகு தூரத்துக்கான இடத்தில் வைத்தால் அரை மீட்டரில் இருப்பது தெளிவாக விழும், குமிழை ஒரு மீட்டருக்குத் திருப்பினால் 33 செ.மீ. வரை போகலாம். 3 டயாப்டர் என்றால் 33-லிருந்து 25.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வெளிச்சக் கணக்கு மாறுவதில்லை என்பது. பெல்லோஸ் என்ற மடிப்புத் துருத்தி வைத்தோ வளையம் வைத்தோ லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளி நிறுத்தினால் வெளிச்சம் குறையும், அதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். குளோஸ்-அப் லென்ஸுக்கு அது தேவையில்லை, கையில் இருக்கும் வெளிச்சமானி சொல்வதை அப்படியே வைக்கலாம். லென்ஸ் வழியாக வெளிச்சம் அளக்கும் வசதி இல்லாத இந்தக் கேமராக்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியதும் அதைத்தான். நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக, இரண்டுக்கும் நடுவே நாலைந்து செ.மீ. இடைவெளி. பத்தடி தள்ளி நிற்கும் ஆளை எடுக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீட்டரில் கொஞ்சம் தெரியும், பல கேமராக்கள் அதையும் உள்ளுக்குள்ளேயே சரிசெய்துவிடும். ஆனால் 3 டயாப்டர் போட்டு 25 செ.மீ.க்கு வந்துவிட்டால் படச் சட்டத்துக்குள் அடங்கும் இடமே 17 செ.மீ. அகலம்தான், அதில் நாலைந்து செ.மீ. நகர்ந்தால் படத்தில் நாலில் ஒரு பங்கு போச்சு. நாம் பார்க்கும் கண்ணாடியில் பூ நட்டநடுவே இருக்கும், பிலிமைக் கழுவிப் பார்த்தால் பூவின் மேல்பக்கம் வெட்டுப்பட்டு, கீழே வேண்டாத தண்டு நீளமாக நிற்கும்.

இதற்காகத்தான் ரோலைனார் ஜோடியாக வருகிறது. கீழே மாட்டுவது மெல்லியது, சாதாரண குளோஸ்-அப் லென்ஸ். மேலே மாட்டுவது தடிமனானது, அதற்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பட்டகமும் (பிரிசம்) சேர்ந்திருக்கும், அது பார்வையைக் கீழ்ப்பக்கம் வளைத்து, கீழ் லென்ஸ் பார்க்கும் இடத்தையே நமக்கும் காட்டும். விளிம்பில் இருக்கும் சிவப்புப் புள்ளி மேலே வரும்படி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பார்வை வேறு பக்கம் வளைந்து நிலைமை இன்னும் மோசமாகும். வேறு கம்பெனிகளும் இப்படி ஜோடிகள் செய்திருக்கின்றன.

என் ஆதங்கமே இந்த ஜோடிகளைப் பற்றித்தான். பழைய கேமரா கைமாறும்போது இவற்றைப் பிரித்து, மெல்லியதை ஒருவருக்கும் தடிமனானதை இன்னொருவருக்கும் விற்றுவிடுகிறார்கள். தோல் உறைக்குள் இரண்டு தகடு பார்த்தால் ஒன்று கூடுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல. பிரிந்துபோன ஒன்றுக்கு அதே நம்பர் துணையைத் தேடுவது பெரும்பாடு. நம்பர் மாறினால் மேலே தெளிவாகத் தெரிவது கீழே தெளிவாக விழாது. வீட்டில் பெரியவர்களின் கேமரா பெட்டியை ஒழுங்குபடுத்துகிறவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் பிரிக்காதீர்கள்.

ஒற்றை லென்ஸ்தான் கிடைத்தது என்றாலும் கைவிட வேண்டியதில்லை. கேமராவை முக்காலியில் ஏற்றி, அந்த ஒன்றை முதலில் மேல் லென்ஸில் மாட்டி ஃபோகஸ் செய்து சட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைக் கழற்றிக் கீழ் லென்ஸில் மாட்டி, முக்காலியின் நடுத்தண்டை இரண்டு லென்ஸ் மையங்களுக்கும் உள்ள இடைவெளி அளவு உயர்த்தினால் மேல் லென்ஸ் இருந்த அதே இடத்துக்குக் கீழ் லென்ஸ் வந்துவிடும். கேமரா சாயாமல் நேராக ஏற வேண்டும், அவ்வளவுதான். அசையாத பொருளுக்கு இது பட்டகத்தைவிட நல்ல வழி என்றுகூடச் சொல்வேன். பட்டகம் சட்டத்தைச் சரிசெய்யுமே தவிர, பார்க்கும் கோணம் மேல் லென்ஸின் கோணமாகவேதான் இருக்கும், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றையொன்று மறைக்கும் விதம் படத்தில் கொஞ்சம் மாறிவிடும். மாமியா இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கு இந்த உயர்த்தும் வேலைக்கென்றே பாராமெண்டர் என்ற கருவி வந்தது. மாமியா சி330-இல் பெல்லோஸே இருப்பதால் குளோஸ்-அப் லென்ஸ் இல்லாமலேயே கிட்டப் போகலாம், வெளிச்சக் கணக்கு மட்டும் போட்டாக வேண்டும்.

புதிதாக முயல்கிறவர்களுக்கு இன்னும் சில. லென்ஸின் துவாரமான அப்பெர்ச்சரை எஃப்/11 அல்லது எஃப்/16-க்குக் குறையுங்கள் (எண் கூடினால் துவாரம் சிறிதாகும்). 25 செ.மீ.யில் எஃப்/3.5 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் அரை செ.மீ.கூட வராது, எஃப்/16-இல் இரண்டு செ.மீ. கிடைக்கும். ஓரங்கள் மங்குவதும் அப்போது குறையும். ஷட்டர் வேகம் இறங்கிவிடும் என்பதால் முக்காலியும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸும் வேண்டும், காற்று வீசும் நேரத்தில் பூவைத் தொடவே வேண்டாம். ஃபோகஸ் பார்க்கும்போது குமிழோடு மல்லுக்கட்டாமல், தூரத்தை ஏறக்குறைய வைத்துவிட்டுக் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், மூடிக்குள் இருக்கும் உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டால் கண் ஏமாறாது. இவ்வளவு கிட்டப் போனால் நம் நிழலே பொருள் மீது விழும், அதையும் கவனியுங்கள். முகம் எடுப்பதானால் முதல் நம்பரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்குமேல் நெருங்கினால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். எடுக்கப்பட்டவர் நம்மை மன்னிக்க மாட்டார்.

வாங்குவதற்கு முன் மாட்டும் அளவைப் பாருங்கள், அதை 'பே' என்று எண் போட்டுச் சொல்வார்கள். யாஷிகா மேட் 124ஜி, மினோல்டா ஆட்டோகார்ட் போன்றவை பே 1, ரோலைஃபிளெக்ஸ் 2.8எஃப் பே 3. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் ஏறாது.

கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர் இந்தக் கேமராக்களை நேசிக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் குளோஸ்-அப் லென்ஸ் ஜோடி மாட்டிய கேமராவின் படம் ஒன்றையும், சிவப்புப் புள்ளி தெரியும்படி, சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்